அழிக்காதே என்று சொல்ல மறந்தால்

2024 ஜூன் 30 அன்று சென்ட்ஓஎஸ் 7 ஓய்வு பெற்றது. மாலை போட்டு, மேளம் கொட்டி அனுப்பிவைக்கும் ஓய்வு அல்ல அது. இனிப் பாதுகாப்புத் திருத்தங்கள் வராது, ஓட்டை இருந்தால் உங்கள் பாடு என்று கையை விரிக்கும் ஓய்வு. 2014 ஜூலையில் வெளிவந்த இந்த லினக்ஸ், பத்தாண்டுகளாகக் கல்லூரிகளிலும் ஆராய்ச்சிக்கூடங்களிலும் சின்னக் கம்பெனிகளிலும் சத்தம் போடாமல் சர்வர்களை ஓட்டிக்கொண்டிருந்தது. ரெட் ஹாட் நிறுவனம் விலைக்குத் தரும் லினக்ஸின் அச்சு அசலான வார்ப்பு. ஆனால் காசு கிடையாது. வேறென்ன வேண்டும்?

அல்மாலினக்ஸ், ராக்கி லினக்ஸ் என்று மாற்று ஏற்பாடுகள் 2021லேயே வந்துவிட்டன. ஆனால் 7லிருந்து நேராக 9க்குத் தாவ வழியில்லை. 8 வழியாகத்தான் ஏறிப் போக வேண்டும். அந்த வழியில் நாலு இடத்தில் தடுக்கும். 'புதிதாகவே போட்டுவிடலாம்' என்ற முடிவுக்குத்தான் பலர் வந்தார்கள். நியாயமான முடிவுதான். லினக்ஸைப் புதிதாகப் போட இருபது நிமிஷம் போதும். ஐம்பது கம்ப்யூட்டர் இருந்தால் அதையும் மனிதர் உட்கார்ந்து செய்ய வேண்டியதில்லை, தானாகவே நடக்கும்படி செய்யலாம்.

சிக்கல் வேறிடத்தில் இருந்தது. அந்தச் சர்வர்களுக்குள் லினக்ஸ் மட்டும் இல்லை. யாரோ ஒரு மாணவரின் ஆறு வருஷத்து ஆராய்ச்சி இருந்தது. நோயாளிகளின் ஸ்கேன் படங்கள் இருந்தன. லினக்ஸை ஆயிரம் முறை இறக்கிக்கொள்ளலாம். தொலைநோக்கி பதிவுசெய்த ஒரு இரவை மறுபடி எங்கிருந்து இறக்குவது?

தானாக நடக்கும் இன்ஸ்டலேஷனின் சூட்சுமம் எளிமையானது. லினக்ஸைக் கையால் போடும்போது அது வரிசையாகக் கேள்விகள் கேட்கும். எந்த மொழி? எந்த நேர மண்டலம்? எந்த டிஸ்க்கில்? எவ்வளவு இடம்? இந்தப் பதில்களையெல்லாம் முன்கூட்டியே ஒரு ஃபைலில் எழுதி வைத்துவிட்டால், இன்ஸ்டாலர் அதைப் படித்துக்கொண்டு தன் வேலையைப் பார்க்கும். ரெட் ஹாட் குடும்பத்தில் இதற்குப் பெயர் கிக்ஸ்டார்ட். டெபியனில் ப்ரீசீட், சுசேயில் ஆட்டோயாஸ்ட். எள் என்றால் எண்ணெயாக நிற்கும் வேலைக்காரன் என்பார்களே, அதே ரகம். கையால் போடும்போது 'இந்த டிஸ்க்கில் ஏற்கெனவே ஏதோ இருக்கிறதே, அழிக்கட்டுமா?' என்று ஒரு தரமாவது கேட்கும். கிக்ஸ்டார்ட் கேட்காது. கேட்காமல் இருப்பதற்காகத்தானே அதை வைத்திருக்கிறோம்!

ரெட் ஹாட் குடும்பத்து இன்ஸ்டாலரின் பெயர் அனகோண்டா. பொருத்தமாக வைத்த பெயர் என்று அடிபட்டவர்கள் சொல்வார்கள்.

இனி ரெய்ட். 1988ல் கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேவிட் பேட்டர்ஸன், கார்த் கிப்ஸன், ராண்டி காட்ஸ் ஆகிய மூவர் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். பெரிய, விலை அதிகமான ஒரு டிஸ்க்குக்குப் பதிலாகச் சின்ன, மலிவான டிஸ்க்குகள் பலவற்றைச் சேர்த்துக் கட்டினால் என்ன என்பது அவர்கள் கேள்வி. ரெய்ட் என்ற பெயரில் 'ஐ' என்ற எழுத்து முதலில் 'மலிவான' என்பதைத்தான் குறித்தது. பிற்பாடு அது 'தனித்தனியான' என்று மாறிக்கொண்டது. பல லட்சத்துக்குப் பெட்டி விற்கிறவர்களுக்கு 'மலிவு' என்ற சொல் உறுத்தியிருக்க வேண்டும்.

ரெய்ட் 1 என்றால் இரண்டு டிஸ்க்கில் ஒரே விஷயத்தை எழுதுவது. ஒன்று செத்தாலும் மற்றது இருக்கும். ரெய்ட் 5ல் ஒரு டிஸ்க் அளவுக்கான இடம் சரிபார்ப்புக் கணக்குக்குப் போகும். எந்த ஒரு டிஸ்க் பழுதானாலும் மற்றவற்றிலிருந்து கணக்குப் போட்டு மீட்கலாம். ரெய்ட் 6 இரண்டு டிஸ்க் போனாலும் தாங்கும். லினக்ஸில் இதற்குத் தனி கார்டுகூடத் தேவையில்லை. கர்னலே பார்த்துக்கொள்ளும். நிர்வகிக்க எம்டிஅட்மின் என்ற கருவி இருக்கிறது. ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த நீல் பிரவுன் எழுதியது.

இங்கே ஒரு அருமையான ஏற்பாடு உண்டு. ரெய்டில் சேர்ந்த ஒவ்வொரு டிஸ்க்கிலும் சூப்பர்பிளாக் என்று ஒரு சிறு அடையாளச் சீட்டு எழுதப்பட்டிருக்கும். இது எந்த ரெய்டைச் சேர்ந்தது, மொத்தம் எத்தனை டிஸ்க், அதில் இது எத்தனையாவது என்ற ஜாதகமெல்லாம் அதில் இருக்கும். டிஸ்க்குகளைக் கழற்றி, வரிசையைக் கலைத்து, வேறொரு கம்ப்யூட்டரில் செருகினாலும் லினக்ஸ் அந்தச் சீட்டுகளைப் படித்து ரெய்டை மறுபடி கூட்டிவிடும். ஆகவே பழைய ரெய்டைப் புது லினக்ஸ் அடையாளம் காண்பது பெரிய காரியமே அல்ல. கண்ட பிறகு அதை என்ன செய்கிறது என்பதுதான் கேள்வி.

டேட்டாவுக்கென்று தனி டிஸ்க்குகள் இருந்தால் கவலை குறைவு. கிக்ஸ்டார்ட் ஃபைலில் 'இக்னோர்டிஸ்க்' என்று ஒரு கட்டளை இருக்கிறது. 'இந்த ஒரு டிஸ்க்கை மட்டும் பயன்படுத்து, மற்றவற்றை ஏறிட்டும் பார்க்காதே' என்று அதில் சொல்லிவிடலாம். லினக்ஸ் ஏறி உட்கார்ந்த பிறகு நிதானமாகப் பழைய ரெய்டைக் கூட்டி இணைத்துக்கொள்ளலாம். ரெய்ட் ஒன்று இருப்பதையே இன்ஸ்டாலரிடம் சொல்லாமல் இருப்பது எவ்வளவோ நல்லது.

ஆனால் சின்ன இடங்களில் அவ்வளவு வசதி ஏது? இரண்டே டிஸ்க். ஒவ்வொன்றையும் மூன்று பங்காகப் பிரித்து மூன்று ரெய்ட் 1 கட்டியிருப்பார்கள். ஒன்று பூட் ஆவதற்கு, ஒன்று சிஸ்டத்துக்கு, ஒன்று எல்லோருடைய ஃபைல்களும் இருக்கும் 'ஹோம்'. முதல் இரண்டையும் துடைத்துப் புதிதாக எழுத வேண்டும், மூன்றாவதைத் தொடக்கூடாது. மூன்றும் அதே இரண்டு டிஸ்க்கில்தான். 'ஏறிட்டும் பார்க்காதே' என்று இங்கே சொல்ல முடியாது. பார்க்கத்தான் வேண்டும். ஒரே வீட்டில் இரண்டு அறைக்கு வெள்ளையடிக்க வேண்டும், பூஜை அறையை விட்டுவிட வேண்டும் என்பது போல.

இதற்காகக் கிக்ஸ்டார்ட் தரும் சொல்லில்தான் பொறி இருக்கிறது. 'யூஸ்எக்ஸிஸ்டிங்'. இருப்பதைப் பயன்படுத்து. ரெய்ட் வரியில் இதைச் சேர்த்துவிட்டால் பழைய ரெய்ட் தப்பித்தது என்று யாரும் நினைப்பார்கள். ரெட் ஹாட்டின் கையேட்டைத் திறந்து பார்த்தால் அந்தச் சொல்லுக்கு நேராகக் கண்டிருக்கும் விளக்கம்: ஏற்கெனவே உள்ள ரெய்டைப் பயன்படுத்து, அதை மறுபடி ஃபார்மட் செய். அதாவது கட்டடத்தை இடிக்காதே, உள்ளே இருக்கிற சாமான்களைத் தெருவில் கொட்டு! ரெய்ட் பத்திரமாக இருக்கும். அதன் உறுப்பினர்கள், அடையாளச் சீட்டு எல்லாம் அப்படியே இருக்கும். ஃபைல்கள்தான் இருக்காது.

ஃபைல்களும் வேண்டும் என்றால் 'நோஃபார்மட்' என்ற இன்னொரு சொல் வேண்டும். சிஸ்டத்துக்கான ரெய்டுக்கு 'யூஸ்எக்ஸிஸ்டிங்' மட்டும். ஹோம் ரெய்டுக்கு 'நோஃபார்மட்' கட்டாயம். இரண்டு வரிகளும் பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். ஒரு வரியைப் பிரதி எடுத்து அடுத்த வரியாக ஒட்டி, பெயரை மட்டும் மாற்றுவது எல்லோரும் செய்கிற காரியம். அப்படிச் செய்யும்போது ஒரு சொல் விட்டுப்போனால் ஆறு வருஷம் போய்விடும். ரெய்ட் 1 என்பதால் இன்னொரு பிரதி இருக்குமே என்றால், ஃபார்மட் செய் என்ற உத்தரவு இரண்டு டிஸ்க்கிலும் ஒரே நொடியில் விசுவாசமாக நிறைவேறியிருக்கும். டிஸ்க் சாவதிலிருந்துதான் ரெய்ட் காப்பாற்றும். முதலாளியின் உத்தரவிலிருந்து காப்பாற்றாது.

இதற்கெல்லாம் மேலே 'கிளியர்பார்ட்' என்று ஒரு வரி வரும். பழைய பார்ட்டிஷன்களை என்ன செய்வது என்று சொல்வது. அதை எழுதாமல் விட்டால் இன்ஸ்டாலர் எதையும் துடைக்காது. அந்த மட்டும் நல்ல பிள்ளை. ஆனால் கிக்ஸ்டார்ட் ஃபைலை வெள்ளைத் தாளிலிருந்து ஆரம்பித்து எழுதுகிறவர் யார்? யாரோ எழுதியதை எடுத்துத் திருத்துவதுதான் வழக்கம். கையால் ஒரு முறை லினக்ஸ் போட்டால், கொடுத்த பதில்களையெல்லாம் ஒரு கிக்ஸ்டார்ட் ஃபைலாக எழுதி இன்ஸ்டாலரே ரூட்டின் டைரக்டரியில் வைத்துவிட்டுப் போகும். அதை எடுத்து அடுத்த மெஷினுக்குப் போடுவார்கள். முதல் முறை புத்தம் புது மெஷினில் போட்டபோது 'எல்லாவற்றையும் துடை' என்று சொல்லியிருந்தால் அந்த வரி அதிலேயே இருக்கும். அன்று அது சரியான உத்தரவு. மேலே எல்லாவற்றையும் துடைக்கச் சொல்லிவிட்டுக் கீழே இருப்பதைப் பயன்படுத்தச் சொன்னால் இன்ஸ்டாலர் குழம்பிப் பிழை காட்டி நின்றுவிடக்கூடும். நின்றால் அதிர்ஷ்டம்.

எல்லா லினக்ஸிலும் இப்படித்தான் என்று சொல்ல முடியாது. உபுண்டு சர்வரில் 20.04லிருந்து வந்திருக்கும் தானியங்கி முறையில் ஒவ்வொரு டிஸ்க்குக்கும், பார்ட்டிஷனுக்கும், ரெய்டுக்கும் 'ப்ரிசர்வ்' என்று தனித்தனியே சொல்லலாம். சொல்லாவிட்டால் 'காப்பாற்றத் தேவையில்லை' என்றே எடுத்துக்கொள்ளும். ஜெர்மனியின் கொலோன் பல்கலைக்கழகத்தில் 1999ல் பிறந்த எஃப்ஏஐ என்ற கருவியிலும் அதே ப்ரிசர்வ் உண்டு. 'எப்போதும் காப்பாற்று', 'மறுபடி போடும்போது மட்டும் காப்பாற்று' என்றெல்லாம் அதில் ரகங்கள் உண்டு. பல்கலைக்கழகத்துக்காரர்களுக்கு மாணவர்களின் கோபம் தெரிந்திருந்தது போலும். டெபியனின் ப்ரீசீட் புதிதாகக் கட்டுவதில் கெட்டி. இருப்பதை வைத்துக்கொள்ளச் சொன்னால் திணறும். ஆளாளுக்கு ஒரு ஸ்கிரிப்ட் எழுதிச் சமாளிக்கிறார்கள்.

இந்த விஷயத்தை வேறு கோணத்தில் யோசித்தவர்கள் ராக்ஸ்காரர்கள். சான் டியாகோ சூப்பர்கம்ப்யூட்டர் மையத்தில் 2000ல் தொடங்கிய திட்டம் அது. நூற்றுக்கணக்கான கம்ப்யூட்டர்களைச் சேர்த்து ஒரு கிளஸ்டர் கட்டுகிறவர்களுக்கானது. அவர்களுடைய தத்துவம் துணிச்சலானது. ஒரு மெஷின் மீது சந்தேகம் வந்தால் ஆராய்ந்துகொண்டிருக்காதே, மறுபடி இன்ஸ்டால் செய்துவிடு. மின்சாரம் போய் வந்தாலும் மறுபடி இன்ஸ்டால். எல்லாம் கிக்ஸ்டார்ட் வழியாகத்தான். வாரத்துக்கு நாலு முறை இன்ஸ்டால் ஆகும் மெஷினில் டேட்டா எப்படி மிஞ்சும்?

அதற்கு அவர்கள் ஒரு வழி வைத்திருந்தார்கள். முதல் முறை போடும்போது டிஸ்க்கில் '.ராக்ஸ்-ரிலீஸ்' என்று ஒரு மறைவான சின்ன ஃபைலை எழுதி வைப்பார்கள். அடுத்த முறை இன்ஸ்டாலர் வரும்போது அந்த ஃபைல் இருக்கிறதா என்று பார்க்கும். இருந்தால் இது நம்ம வீடு, சிஸ்டம் இருக்கும் பார்ட்டிஷனை மட்டும் ஃபார்மட் செய்துவிட்டு மற்றவற்றைத் தொடாமல் போகும். ஃபைல் இல்லையென்றால் டிஸ்க்கைப் புதியதாகக் கருதி எல்லாவற்றையும் முதலிலிருந்து கட்டும். பார்ட்டிஷன் அமைப்பை மாற்ற விரும்புகிறவர்கள் வேண்டுமென்றே அந்த ஃபைலை அழித்துவிட்டு இன்ஸ்டாலரை அழைப்பார்கள். வாசலில் கட்டிய மாவிலை மாதிரி ஒரு ஃபைல்; அது இருக்கும்வரை உள்ளே இருப்பதற்குப் பாதுகாப்பு. கிக்ஸ்டார்ட்டில் மனிதர் மறக்காமல் சொல்ல வேண்டியதை ராக்ஸில் டிஸ்க்கே சொல்லிவிடும். ராக்ஸின் 7.0 வெளியீடு 2017ல் வந்தது. சென்ட்ஓஎஸ் 7 மீது கட்டப்பட்டது. அடித்தளம் போனதும் அதை நம்பியிருந்த கிளஸ்டர்களும் வேறு இடம் தேட வேண்டியதாயிற்று.

பெயர் விஷயத்திலும் ஏமாற வாய்ப்புண்டு. லினக்ஸ் டிஸ்க்குகளுக்கு எஸ்டிஏ, எஸ்டிபி, எஸ்டிசி என்று பெயர் வைப்பது கண்ணில் பட்ட வரிசையில். இன்று எஸ்டிஏவாக இருப்பது, ஒரு யுஎஸ்பி செருகியிருந்தால் நாளை எஸ்டிபி ஆகிவிடலாம். 'எஸ்டிஏவை மட்டும் துடை' என்று எழுதியவர் மனதில் இருந்த டிஸ்க் ஒன்று, துடைக்கப்பட்டது வேறொன்று. டிஸ்க்கின் சீரியல் எண்ணைக் கொண்ட நிரந்தரப் பெயரால் எழுதினால் இந்த ஆபத்து இல்லை. எழுத நீளமாக இருக்கிறது என்று யாரும் எழுதுவதில்லை. ரெய்டும் அப்படித்தான். எம்டி0 என்று பழகியது, அறிமுகமில்லாத மெஷினில் எம்டி127 என்று தலைகாட்டும். பார்த்துப் பதறியவர்கள் பலர். ரெய்டுக்கு ஒன்றும் ஆகியிருக்காது, பெயர்தான் வேறு.

ரெய்டே நல்ல நிலையில் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். எம்டிஸ்டாட் என்ற ஃபைலைத் திறந்தால் இரண்டு டிஸ்க் ரெய்டுக்கு 'யு' என்ற ஆங்கில எழுத்து இரண்டு முறை இருக்கும். ஒரு டிஸ்க் விழுந்திருந்தால் அந்த எழுத்து போய் அங்கே ஒரு கோடு நிற்கும். மாசக்கணக்கில் அந்தக் கோட்டோடு ஓடிக்கொண்டிருக்கும் சர்வர்கள் ஏராளம். அந்த நிலையில் புது லினக்ஸ் போடுவது ஒற்றைக் கயிற்றில் தொங்கிக்கொண்டு வெள்ளையடிக்கிற மாதிரி. பழுதான டிஸ்க்கை மாற்றிவிட்டு, ரெய்ட் மறுபடி நிரம்பும்வரை பொறுக்க வேண்டும். 4 டெராபைட் டிஸ்க் என்றால், நொடிக்கு 100 மெகாபைட் வேகத்தில் 11 மணி நேரம் ஆகும்.

வேடிக்கை என்னவென்றால், இதற்கு நேர் எதிரான தொல்லையும் உண்டு. அழிக்க நினைத்தாலும் அழியாத ரெய்ட். பழைய வகைச் சூப்பர்பிளாக்குகள் சில டிஸ்க்கின் கடைசியில் எழுதப்பட்டிருக்கும். டிஸ்க்கின் தொடக்கத்தில் புதுப் பார்ட்டிஷன் அட்டவணை எழுதினாலும் கடைசியில் இருப்பது தப்பித்துவிடும். இன்ஸ்டாலர் வந்து பார்த்தால், இல்லாத ரெய்ட் ஒன்று பேய் மாதிரி எழுந்து நிற்கும். வேலை பாதியில் நின்றுபோகும். எரிச்சலடைந்த நிர்வாகி, இன்ஸ்டலேஷன் தொடங்குமுன் எல்லா டிஸ்க்கிலும் சூப்பர்பிளாக்கைச் சுழித்துவிடும் ஒரு வரியை ஸ்கிரிப்டில் சேர்த்துவிடுவார். பேய் ஓடிவிடும். வரி அங்கேயே இருக்கும். ரெண்டு வருஷம் கழித்து, டேட்டா இருக்கும் மெஷினுக்கு அதே ஸ்கிரிப்டை வேறொருவர் எடுப்பார். 'நோஃபார்மட்' எல்லாம் சரியாக எழுதியிருப்பார். இன்ஸ்டாலர் ரெய்டைத் தேடும் முன்பே அந்தப் பழைய வரி ஓடி முடிந்திருக்கும்.

தானியங்கி ஸ்கிரிப்ட் தவறினால் இழப்பு எந்த அளவுக்குப் போகும் என்பதற்கு ஜப்பானின் கியோட்டோ பல்கலைக்கழகம் சாட்சி. 2021 டிசம்பரில் அதன் சூப்பர்கம்ப்யூட்டர் சேமிப்பிலிருந்து சுமார் 77 டெராபைட் காணாமல் போனது. 14 ஆராய்ச்சிக் குழுக்களின் 3 கோடியே 40 லட்சம் ஃபைல்கள். அது இன்ஸ்டலேஷன் விவகாரம் அல்ல, பேக்கப் ஸ்கிரிப்ட். பழைய பதிவு ஃபைல்களை அழிக்க வேண்டிய ஸ்கிரிப்ட் ஓடிக்கொண்டிருக்கும்போதே அதன் மேல் திருத்திய வடிவத்தை எழுதிவிட்டார்கள். பாதியிலிருந்து புது வடிவத்தைப் படித்த ஸ்கிரிப்ட், எதை அழிப்பது என்ற விவரம் இல்லாமலே அழிக்கத் தொடங்கியது. பேக்கப் எடுக்க வந்ததே அழித்துவிட்டது என்பதை என்ன சொல்ல!

போனது திரும்புமா? எது போனது என்பதைப் பொறுத்தது. சூப்பர்பிளாக் மட்டும் போயிருந்தால் வழி உண்டு. பழைய ரெய்டின் அதே அளவுகளைக் கொடுத்து, டேட்டாவைத் தொடாமல் சீட்டை மட்டும் புதிதாக எழுதச் சொல்லலாம். ஆனால் அளவுகள் அப்படியே பொருந்த வேண்டும். பழைய எம்டிஅட்மின் ஒரு துண்டுக்கு 64 கிலோபைட் வைத்தது, பிறகு வந்தவை 512. டேட்டா தொடங்கும் இடமும் பதிப்புக்குப் பதிப்பு மாறியிருக்கிறது. டிஸ்க்குகளின் வரிசையும் தெரிய வேண்டும். ஆறு டிஸ்க் என்றால் 720 விதமாக அடுக்கலாம். ரெய்ட் நன்றாக இருந்தபோது அதன் விவரத்தை ஒரு தாளில் அச்செடுத்து வைத்திருந்தவருக்கு இது அரைமணி வேலை. இல்லாதவர் ஒவ்வொன்றாக முயல வேண்டும். ஃபார்மட்டே ஆகியிருந்தால் கதை கடினம். எஸ்எஸ்டி என்றால் இன்னும் மோசம். ஃபார்மட் கட்டளை சாதாரணமாகவே 'இந்த இடமெல்லாம் இனி வேண்டாம்' என்று டிஸ்க்குக்குச் சொல்லிவிடும். டிஸ்க்கும் துப்புரவாகக் கழுவிவிடும்.

ஃபைல்கள் அப்படியே இருந்தும் படிக்க முடியாத சங்கடமும் இருக்கிறது. பிடிஆர்எஃப்எஸ் என்ற ஃபைல் அமைப்பை ரெட் ஹாட் 7ல் முன்னோட்டமாக வைத்திருந்து 8ல் எடுத்துவிட்டது. பழைய ரெய்ட் கார்டுகள் பலவற்றுக்கான டிரைவர்களும் 8ல் போய்விட்டன. அந்த மெஷின்களில் இன்ஸ்டாலர் டிஸ்க்கே இல்லை என்று சாதிக்கும்.

அடிபட்டுத் தெளிந்தவர்கள் இப்போது நேராகச் சர்வரில் கை வைப்பதில்லை. தங்கள் கம்ப்யூட்டருக்குள்ளேயே ஒரு கற்பனை மெஷினை உண்டாக்கி, ஒரு ஜிகாபைட் அளவில் இரண்டு கற்பனை டேட்டா டிஸ்க் கொடுத்து, ரெய்ட் கட்டி, அதில் ஏதோ ஒரு ஃபைலைப் போட்டு வைக்கிறார்கள். பிறகு கிக்ஸ்டார்ட்டை ஓடவிடுகிறார்கள். முடிந்ததும் அந்த ஃபைல் இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். இருந்தால்தான் நிஜ சர்வர். அதற்கும் முன்னால் பேக்கப். எடுத்தால் மட்டும் போதாது, அதிலிருந்து நாலு ஃபைலைத் திரும்ப எடுத்துத் திறந்து பார்த்தும் ஆகிறது.

கிக்ஸ்டார்ட்டில் 'ப்ரீ' என்று ஒரு பகுதி உண்டு. இன்ஸ்டாலர் டிஸ்க்கைத் தொடுமுன் ஓடுவது. அதில் சிலர் ஒரு காவல்காரனை நிறுத்தியிருக்கிறார்கள். ரெய்ட் கூடுகிறதா, அதன் அடையாள எண் தாளில் உள்ளதுதானா, உறுப்பினர் எல்லோரும் ஆஜரா என்று பார்க்கும். ஒன்று குறைந்தாலும் அத்தோடு நின்றுவிடும். இரவு ரெண்டு மணிக்கு, தானாக முடிந்திருக்க வேண்டிய சர்வர் ஒன்று கருப்புத் திரையில் ஒரே ஒரு வரியைக் காட்டிக்கொண்டு நிற்கும். நிர்வாகி முணுமுணுத்துக்கொண்டே எழுந்து போய், குளிர் அடிக்கும் அறையில் பெட்டியைத் திறந்து பார்ப்பார். டிஸ்க் கேபிள் ஒன்று தளர்ந்திருக்கும். அழுத்திவிட்டு மறுபடி ஆரம்பிப்பார்.